ஆற்றில் போட்ட பொன்

என் ஊர் விருத்தாசலம். பெயருக்குக் கிழட்டு மலை என்று அர்த்தம். தேவாரத் தமிழில் திருமுதுகுன்றம். அதுவும் அதே அர்த்தந்தான். பெயரை நம்பி மலையைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மணிமுத்தாறு இருக்கிறது, பழமலைநாதர் கோயில் இருக்கிறது, ரயில்வே ஜங்ஷன் இருக்கிறது, பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, மலை மாத்திரம் இல்லை. அது மண்ணுக்குள்ளே அழுந்திக் கிடக்கிறது என்று என் பாட்டி சொல்லுவாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்ததும் வழக்கம்போலப் பேட்டைப் பக்கம் நடந்தேன். அங்கே என் பள்ளித் தோழன் ஒருவன் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் அவன் பியூஸ் கேரியர் செய்தான். பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் கட்டை செருகியிருக்குமே, அதுதான். வீடு வெளிச்சமாக இருக்கும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. விளக்கு அணைந்தால்தான் ஸ்டூலைப் போட்டு ஏறி அதன் முகத்தைப் பார்ப்போம். புது மாதிரி சுவிட்சுகள் வந்த பிறகு அந்த வியாபாரம் தேய்ந்துபோயிற்று. இப்பொழுது அகல் விளக்கும் கொலு பொம்மையும் வார்க்கிறான். மண் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, பிசிர் செதுக்கி, ஒரு முறை சுட்டு, மெருகுப் பூச்சு கொடுத்து, மறுபடியும் சூளையில் ஏற்றுவார்கள். சூளை ஆறுகிறதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் அத்தனையும் விரிசல் விட்டுவிடும்.

அவனுக்கு ஒரே பெண். இருபத்துநாலு வயது. உள்ளூரிலேயே செராமிக் டிப்ளமா படித்துவிட்டு அப்பாவோடு பட்டறையில் நிற்கிறாள். பூச்சு கலக்குகிற வேலை அவளுடையது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, வர்ற எலெக்‌ஷன்ல வார்டுல நிக்கச் சொல்லிக் கேக்கறாங்க."

"யாரம்மா?"

"கட்சிக்காரங்கதான். படிச்ச பொண்ணா, சின்ன வயசா இருந்தா நல்லதாம். மொதல்ல கவுன்சிலர், அப்புறம் சேர்மன், அப்புறம் எம்.எல்.ஏ. 'இது மொதப் படிதாம்மா, ஏறிப் போய்க்கிட்டே இருக்கலாம்'னு சொல்றாங்க."

"இவ ஏறிப் போவா. நாம கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றான் என் தோழன், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு அதில்ல மாமா. மொதப் படின்னு சொல்றாங்களே, அது எங்க தெருதானே? தெருவை மிதிச்சு ஏறிப் போறது நியாயமா? நீங்க வந்தா கேக்கணும்னு இருந்தேன். நீங்க எழுதறவங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பன் சிரித்தான். "அவனையா கேக்கறே? நம்ம சூளையை எழுதித்தானே அவன் மெட்ராஸ்ல வீடு கட்டினான்!"

விளையாட்டாகத்தான் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன். ஆனால், அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்லுகிறேன்" என்று எழுந்து வந்து, ராத்திரி ரயிலைப் பிடித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தாமதமாகக் கொடுக்கிற பதில்.

*

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே வந்து பதிகம் பாடினார். ஈசன் அவருக்குப் பன்னீராயிரம் பொன் கொடுத்தார். அத்தனை பொன்னைக் காட்டு வழியில் எப்படிச் சுமப்பது? 'மணிமுத்தாற்றிலே போடு, திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொள்' என்று உத்தரவு ஆயிற்று. சுந்தரரும் அப்படியே செய்தார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் அன்றாடம் சொல்லுகிற பேச்சுக்கு எங்கள் ஊர் ஆறுதான் மூலம்.

இதைப் பக்திக் கதையாகக் கேட்டுத்தான் வளர்ந்தேன். வயதான பிறகு அதற்குள்ளே ஒரு சங்கடமான விஷயம் ஒளிந்திருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. பொன் கிடைத்தது எங்கள் ஊரில், செலவானது திருவாரூரில். எங்கள் ஆற்றுக்கு என்ன மிச்சம்? கதையில் வருகிற பெருமை மாத்திரந்தான் மிச்சம்.

நம்முடைய பொதுவாழ்க்கையில் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. சின்ன ஊரிலே ஒருவன் உழைப்பைப் போடுகிறான். தலைநகரத்திலே பலனை எடுத்துக்கொள்கிறான். நகரசபை என்பது நமக்கு ஆறு, சட்டசபை குளம், பார்லிமெண்டு இன்னும் பெரிய குளம். எவனாவது நகரசபைத் தலைவனாகவே இருந்து கிழவனானால் அவனைப் பற்றி நாம் என்ன சொல்லுகிறோம்? 'பாவம், மேலே வர முடியவில்லை' என்கிறோம்.

ஆகவே அந்தப் பெண் கேட்ட கேள்வி அவளுடைய சொந்தப் பிரச்சினை அல்ல. ஒரு சின்னப் பதவியை, பெரிய பதவியின் மேலே கண்ணை வைத்துக்கொண்டு ஏற்பது தர்மமா? அவள் கேட்டது அதைத்தான்.

சுலபமான பதில் ஒன்று கையிலேயே இருக்கிறது. 'பலனை எதிர்பார்க்காமல் தொண்டு செய். ஆசை வைக்காதே' என்று உபதேசம் பண்ணிவிடலாம். மேடைக்கு அது பொருத்தமான பதில். எனக்கு மாத்திரம் அதில் நம்பிக்கை இல்லை. ஆசையே இல்லாத மனிதன் வார்டு தேர்தலில் நிற்க மாட்டான். வெயிலில் வீடு வீடாகப் போய்க் கை கூப்ப மாட்டான். ஆசை இருப்பதனாலேயே ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதானால், தமிழ்நாட்டில் நாம் மதிக்கிற பெரியவர்கள் இரண்டு பேரை முதலில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒருவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1911இல் நகரசபை அங்கத்தினரானார். 1917இல் அதன் தலைவரானார். அப்பொழுது அவருக்கு நாற்பது வயது ஆகவில்லை. இன்னொருவர் ஈ. வெ. ராமசாமி, பின்னாளில் பெரியார். ஏறக்குறைய அதே சமயத்தில் பக்கத்து ஈரோட்டு நகரசபைக்கு அவர் தலைவர். அவரும் நாற்பதைத் தொடாதவர். இரண்டு ஊர்த் தலைவர்களுக்கும் சிநேகம் உண்டாயிற்று. 1919இல் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அதே வருஷம் பெரியார் ஈரோட்டுப் பதவியை ராஜினாமா செய்துவிட்டுக் காங்கிரஸில் சேர்ந்தார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒருவர் 1937இல் மாகாணத்தின் பிரதமர். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். மற்றவர் 1924இல் வைக்கத்தில் போராடினார். அடுத்த வருஷம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் கண்டார். கொள்கையில் இரண்டு துருவங்களாகப் பிரிந்தார்கள். ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது அவருடைய தகனத்துக்கு வந்து, தள்ளாத வயதில் பெரியார் கண்ணீர் விட்டார். இரண்டு நகரசபைத் தலைவர்களாகத் தொடங்கிய சிநேகம் அது.

இவர்கள் ஊரை மிதித்து ஏறியவர்களா? 1919இல் சேலத்துக் கடைத்தெருவிலோ ஈரோட்டு மண்டியிலோ யாராவது அப்படிப் பேசியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஊர் அப்படித்தான் பேசும். ஆனால், போவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஈரோட்டுக்குக் குடிநீர் விநியோகத்தைக் கொண்டுவந்ததில் பெரியாருக்குப் பங்கு உண்டு. சேலத்து நகரசபைக்கு முதன்முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஓர் அங்கத்தினர் வந்ததில் ராஜாஜிக்குப் பங்கு உண்டு. குழாயைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு பெரியார் வைக்கத்துக்குப் போக முடியாது. சபையில் ஒருவர் உட்கார்ந்துவிட்ட நாற்காலியை ராஜாஜி சென்னைக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பொன் ஆற்றிலேயே கிடந்தது. ஊர்க்காரர்கள் அதை மொண்டு குடித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே போகிறவன் சாக்கடையைப் பார்த்தவனாக இருப்பது நாட்டுக்கு நல்லது. ஒரு தெருவுக்குத் தண்ணீர் விட்டால் இன்னொரு தெருவுக்குக் குறையும், ஒருவன் திண்ணையை இடிக்காமல் ரோடு அகலமாகாது, வரி போட்டால் மாமன் மச்சானே முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பதையெல்லாம் நகரசபையில் உட்கார்ந்தவன் தோல் உரியக் கற்றுக்கொள்கிறான். இதைக் கற்காமல் நேராக மேலே போய் உட்காருகிறவனுக்கு ஜனங்கள் என்பது பொதுக்கூட்டத்தில் தெரிகிற தலைகள்தான். ஆகவே ஏறுவது பாவம் இல்லை என்ற வரைக்கும் எனக்குச் சந்தேகம் தெளிந்துவிட்டது. மிச்சமிருக்கிற கேள்வி வேறு. எது ஊருக்கென்று செய்தது, எது மேலே இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று செய்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

*

பேட்டையில் அடைத்துக் கிடந்த ஒரு கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வேறொரு தேசத்து ஊர் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு தொழிலை நம்பி வாழ்ந்த ஊர்தான். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்று ஒரு நகரம்; ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். ஸ்டூடிபேக்கர் என்ற கார் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1963 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலை அங்கே உற்பத்தியை நிறுத்திற்று. வேலை போனவர்கள் ஊரை விட்டுப் போனார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரை இற்றது. செத்துக்கொண்டிருக்கும் நகரங்களின் பட்டியலில் ஒரு பத்திரிகை அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்தது. அந்த வருஷந்தான், 2011இல், பீட் புட்டிஜெஜ் என்ற இருபத்தொன்பது வயது வாலிபர் அங்கே மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளூரில் பிறந்தவர், ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர், நல்ல சம்பளத்து உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர்.

2013இல் அவர் ஒரு சபதம் செய்தார். பாழடைந்து கிடக்கிற ஆயிரம் வீடுகளை ஆயிரம் நாட்களுக்குள் ஒன்று சரிசெய்வது, இல்லையேல் இடிப்பது. கெடு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேலேயே முடித்துக் காட்டினார். நடுவில் 2014இல் கடற்படைச் சேவைக்காக ஆப்கானிஸ்தானத்துக்கும் ஏழு மாதம் போய் வந்தார். 2015இல் மறுபடியும் நின்றபோது நூற்றுக்கு எண்பது பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். தேசம் முழுவதும் அவர் பெயர் பரவிற்று. 2019இல், பழைய ஸ்டூடிபேக்கர் கட்டடத்திலேயே கூட்டம் போட்டு, ஜனாதிபதி தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்தார்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அதே ஆயிரம் வீட்டுக் கதையை அந்த ஊரின் ஏழைத் தெருக்களில் வேறு மாதிரி சொன்னார்கள். அந்தத் தெருக்களில் அதிகம் பேர் கறுப்பு இனத்தவர். வீட்டைச் சரிசெய்ய அவர்கள் கையில் பணம் இல்லை. சரிசெய்யாததற்கு அபராதம் வந்தது. கடைசியில் இடிக்கிற யந்திரம் வந்தது. ஆயிரம் என்ற எண்ணிக்கை தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அழகாகத் தெரிகிறது. அந்த ஆயிரத்தில் ஒன்று தன் தாத்தா கட்டின வீடாக இருக்கிறவனுக்கு அது எண்ணிக்கை அல்ல.

2019 ஜூனில் அந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் கறுப்பு இனத்தவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். தேர்தல் பிரசாரத்தில் இருந்த மேயர் ஊருக்கு ஓடி வந்தார். பொதுக்கூட்டத்தில் அவர் ஊர் ஜனங்களே எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கத்தினார்கள். சில நாட்களில் தொலைக்காட்சி விவாதத்தில் அவரிடம் கேட்டார்கள்: உங்கள் ஊரில் நாலில் ஒருவர் கறுப்பர், போலீசில் அவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறார்களே, உங்கள் காலத்தில் ஏன் அது உயரவில்லை? என்னால் அதைச் செய்து முடிக்க முடியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். அரசியல்வாதி வாயிலிருந்து அந்த வாக்கியம் அபூர்வமாகத்தான் வரும். ஆனால், அது எங்கே சொல்லப்பட்டது? தேசம் பார்க்கிற மேடையில், பெரிய பதவியைக் கேட்கிறபோது, பிறர் கேட்டதனால் சொல்லப்பட்டது. அவர் 2020 மார்ச்சில் ஜனாதிபதி போட்டியிலிருந்து விலகினார்; 2021 முதல் நாலு வருஷம் அமெரிக்காவின் போக்குவரத்து மந்திரியாக இருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்தவர், ஊருக்கு நன்மையும் செய்தவர். அவர் எட்டு வருஷம் மேயராக இருந்ததில் எது ஆற்றில் தங்கிற்று, எது குளத்துக்குப் போயிற்று என்று பிரித்துச் சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் பாத்தியதை உண்டு என்று மாத்திரம் சொல்லுகிறேன்.

*

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை. 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு மேயரானவர் ஆர்யா ராஜேந்திரன். வயது இருபத்தொன்று, கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த பெண், எலெக்ட்ரீஷியன் மகள். தேசத்துப் பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. இவ்வளவு பெரிய நகரத்தை ஒரு மாணவி கையில் கொடுக்கலாமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஐந்து வருஷம் பதவியில் இருந்தார். பாராட்டும் பெற்றார், சர்ச்சையிலும் சிக்கினார். 2025 டிசம்பர்த் தேர்தலில் அவருடைய கட்சி அந்த மாநகராட்சியை இழந்தது. இருபத்தாறு வயதில் அவர் முன்னாள் மேயர். நம் ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'அடுத்தது என்ன? எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா?'

இந்தக் கேள்வியில்தான் நம்முடைய குற்றம் இருக்கிறது. அரசியல்வாதியை மாத்திரம் நிறுத்தி விசாரித்தால் போதாது. நம்மையும் விசாரிக்க வேண்டும். 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது திருத்தத்தின் மூலம் நகரசபைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தோம். அவற்றின் கையில் ஒப்படைக்கலாம் என்று 18 காரியங்களை அட்டவணை போட்டோம். குடிநீர், ரோடு, குப்பை, தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, சுடுகாடு வரைக்கும் அதில் இருக்கிறது. மனிதன் பிறந்ததிலிருந்து சாகிறவரை வேறு எந்த சர்க்கார் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறது? அப்படியிருந்தும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கிறவரை தமிழ்நாட்டு நகரங்களில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள்தாம் நடத்தினார்கள். சட்டசபை ஐந்து வருஷம் இல்லாமல் போயிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? நகரசபை இல்லை என்பது நம்மில் பல பேருக்குத் தெரியவே இல்லை. பியூஸ் கேரியர் மாதிரிதான்; விளக்கு அணைந்தால்தான் அதன் ஞாபகம் வரும்.

நாமே படி என்று நினைக்கிற இடத்தை ஒருவன் மிதிக்காமல் வேறு என்ன செய்வான்?

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கோயிலிலே அம்மனுக்கு இரண்டு சந்நிதி. ஒருத்தி பெரியநாயகி என்கிற விருத்தாம்பிகை. மற்றவள் பாலாம்பிகை, இளையநாயகி. குருநமச்சிவாயர் சிதம்பரத்துக்குப் போகிற வழியில் பசியோடு இங்கே படுத்திருந்தாராம். பெரியநாயகியைக் கிழத்தி என்று அழைத்து, சோறு கொண்டு வா என்று பாடினாராம். அம்மன் கிழவியாகவே வந்து நின்று, 'கிழவி எப்படியப்பா சோறு சுமந்து வருவாள்? இளையவளாகப் பாடு' என்றாளாம். அவர் மாற்றிப் பாடினார். சின்னப் பெண்ணாகச் சோற்றோடு வந்தாளாம். இந்தக் கதையைச் சொன்னவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். பெருமைக்கும் பூஜைக்கும் முதுமை சரி. பசித்தவன் இருக்கிற இடத்துக்குச் சோற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு இளமைதான் வேண்டும். நகரசபை வேலை சோறு சுமக்கிற வேலை. ஆகவே இருபத்துநாலு வயதுப் பெண் அதற்குச் சின்னவள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

*

இனி என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் தோழன் விளையாட்டாகச் சொன்னது வாஸ்தவந்தான். நான் எழுதின நாவலில் வருகிற சூளை அவனுடைய சூளை. அதில் வருகிற இருமல் அவன் அப்பாவுடைய இருமல். அந்த மனிதர் மண் தூசியில் நாற்பது வருஷம் நின்றவர். அவர் திண்ணையில் உட்கார்ந்து இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அந்த இருமலை எழுதியதற்கு எனக்குப் பெயர் கிடைத்தது, பணமும் கிடைத்தது. அவர் செத்தபோது பட்டணத்தில் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருந்ததால் நான் போகவில்லை. கூட்டத்தில் அவரைப் பற்றித்தான் பேசினேன். கை தட்டினார்கள்.

மணிமுத்தாற்றில் போட்டு வேறு குளத்தில் எடுத்தவன் நானுந்தான். அப்படிப்பட்டவனிடம் வந்து ஒரு பெண், 'தெருவை மிதித்து ஏறிப் போவது நியாயமா?' என்று கேட்டால் அவன் எப்படிப் பதில் சொல்லுவான்? ராத்திரி ரயிலைத்தான் பிடிப்பான்.

ஆனால், சுந்தரர் கதையில் பலர் மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன்னால் அவர் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். தட்டார்கள் அதை மச்சம் என்பார்கள். திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. கடவுள் கொடுத்த பொன்னே இடம் மாறி வந்தபோது தரம் குறைந்திருந்தது என்று துணிந்து எழுதிவைத்திருக்கிறார்கள்! சுந்தரரும் அதைச் சும்மா விடவில்லை. மறுபடியும் பாடினார், மாற்றுச் சரியாகிற வரைக்கும் விடவில்லை.

நான் தேடின பதில் அந்த மச்சத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனிதனுடைய உள்நோக்கத்தை உரைத்துப் பார்க்க நம்மிடம் கல் இல்லை. அவனுக்கே அது தெரியாது. நான் நாவல் எழுதினபோது புகழுக்காக எழுதுகிறேன் என்று நினைத்தேனா? அந்தக் கிழவரின் இருமலை உலகம் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்திருந்தன. உள்நோக்கத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் ஒருவனையும் தேற முடியாது. ஆனால், முதல் நாள் இருந்ததையும் கடைசி நாள் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரைக்கலாம். அது யாராலும் முடியும்.

ஆகவே, அம்மா, என் பதில் இது. நில். ஜெயித்தால், பதவி ஏற்கிற அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடு. உன் வார்டில் எத்தனை தெருக்குழாய், எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், எத்தனை நேரம். எந்தத் தெருவில் சாக்கடை நிற்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. மழை வந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று எழுது. பேட்டையில் மண் தூசியில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இருமல் இருக்கிறது என்பதையும் எழுது. அதைக் கவுன்சிலர் தீர்க்க முடியாதென்றாலும் எழுது. சுந்தரர் மச்சத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார்; அவர் நாயனார், சரி. நீ அப்படிச் செய்யாதே. நோட்டை உன்னிடம் வைத்துக்கொள்ளாமல், உனக்கு ஓட்டுப் போடாதவள் ஒருத்தி உன் தெருவில் இருப்பாள், அவளிடம் கொடுத்துவிடு. ஐந்து வருஷம் கழித்து, மேலே போனாலும் போகாவிட்டாலும், அவள் வீட்டு வாசலுக்குப் போய் அதைத் திறந்து பார். மாற்றுக் குறைந்திருந்தால் அவள் சொல்லுவாள், கேட்டுக்கொள். அதற்குப் பிறகு எம்.எல்.ஏ. ஆனாலும் சரி, மந்திரி ஆனாலும் சரி, ஊரை மிதித்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்சிக்காரர்கள் எந்தப் படியைக் காட்டினாலும் சூளை ஆறுகிறதற்கு முன்னால் கதவைத் திறக்காதே. அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை அவளுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நிற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். அப்பா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். ஆனால், நோட்டு எழுத ஆரம்பித்துவிட்டாளாம். 'அதுக்கு எலெக்‌ஷன் வரணும்னு இல்லையே மாமா' என்று எழுதியிருந்தாள். தெருக்குழாயெல்லாம் எண்ணியாகிவிட்டது, பேட்டையில் இருமல் கணக்கு எடுக்க மாத்திரம் கூட ஒரு ஆள் வேண்டும், பெரியவர்கள் அவளிடம் வாய் திறந்து சொல்லமாட்டேன் என்கிறார்கள், எனக்குத்தான் அவர்கள் எல்லோரையும் தெரியுமே, ஒரு வாரம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை திரும்பி வருகிற தேதியைப் போடவில்லை.